ஆர்ச்சில் உடைந்த டியூப்லைட்

அத்தியாயம் பதினொன்று

வலது மணிக்கட்டில் வலி விடிவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்துகொண்டது. அம்சா அதற்கப்புறம்தான் எழுந்தாள்.

நேற்று சிறுசேரி கேன்டீனில் எழுநூறு பேருக்கு பிரியாணி. எந்தக் கம்பெனிக்கு என்ன விழா என்று சமையல்கட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அரிசி உடையக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அண்டாவுக்குள் இரும்புக் கரண்டியை விட்டு மூன்று மணி நேரம் கிளறினாள். அரிசி உடையவில்லை. பதினொரு வயதில் செங்கல் சூளையில் கல் சுமந்த உடம்பு. சாதாரணமாக எதற்கும் முனகாது. இப்போது நாற்பத்தாறில் இந்த மணிக்கட்டு மட்டும் முனகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

அந்தக் கையோடுதான் நேற்று சாயங்காலம் சமாதானப் பத்திரத்தை மூன்று தடவை எழுதிப் பார்த்து, நாலாவது தடவை முடித்தாள். இரண்டு பக்கம். ஐந்து ஷரத்து. கடைசியில் 'எழுதியவர்' என்று போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

"இன்னா, கைய புடிச்சிகினு உக்காந்துகீற?" என்றான் கண்ணாயிரம், வாயில் பிரஷ்ஷோடு. "நாஸ்தா ஆவலியா? ஒம்போதுக்கெல்லாம் வண்டி எடுக்கணும். தர்மகர்த்தா ரெண்டு தபா போன் பண்ட்டாரு."

"தைலம் எங்க?"

"கார்த்தி கிரவுண்டுக்கு எட்துகினு போயிட்டான். கயிறு ஏறி ஏறி அவன் உள்ளங்கை தோலே பூடுச்சி. பாவம்டி, விடு." வாயைக் கொப்பளித்துத் துப்பினான். முகத்தில் ஒரு சிரிப்பு. "வியாழக்கெழம ஸ்டேஷன்லேர்ந்து வெரிபிகேஷனுக்கு வராங்களாம். தெருவுல நாலு பேரக் கேப்பாங்களாம். பையன் எப்டி, கேசு கீசு உண்டான்னு. நம்ம பையனுக்கு இன்னா கேசு? ஃபயர் சர்வீஸ் சட்டையப் போட்டுகினு அவன் வந்து நிக்கிற அன்னிக்கு நான் கோயிலுக்கு நூறு தேங்கா ஒடைக்கிறேன்."

தேங்காய் என்றதும் அம்சா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகப் போன மாசி மகத்தன்று நடந்ததை ஒரு தரம் சொல்லிவிட வேண்டும்.

எலந்தப்பேட்டுப் பெருமாள் வருஷா வருஷம் மாசி மகத்துக்கு டிராக்டரில் ஏறிக் கடலில் குளிக்கப் போவார். வழியில் புன்னைக்குப்பம். குப்பத்து ஆர்ச்சுக்கு வந்ததும் இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். அங்கேயிருந்து கடல்வரைக்கும் குப்பத்து ஆட்கள்தான் புது வடம் கட்டி வண்டியை இழுப்பார்கள். மற்ற நாளில் இரண்டு ஊருக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அந்தக் கால் மைல் தூரம்தான் உறவு.

போன வருஷம் ஈசிஆரில் வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, மத்தியானம் வர வேண்டிய சாமி பொழுது சாய்ந்து வந்தது. டிராக்டர் ஓட்டியது கண்ணாயிரம். நேரமாகிவிட்டது என்று இன்ஜினை நிறுத்தாமலே ஆர்ச்சுக்குள் விட்டான். ஓரத்தில் காயப்போட்டிருந்த வலையின் மேல் சக்கரம் ஏறியது. கூட்டம் மறித்தது. வாய்ச் சண்டை. அந்த நேரம் ஆர்ச்சில் கட்டியிருந்த டியூப்லைட் வெடித்தது. இருட்டாகிவிட்டது. அப்புறம் இரண்டு பக்கமும் கல். எலந்தப்பேட்டு தர்மகர்த்தாவுக்குத் தலையில் ஏழு தையல்.

'முன்கூட்டியே திட்டம் போட்டு விளக்கை உடைத்து, இருட்டில் தாக்கினார்கள்' என்று குப்பத்துப் பையன்கள் நாலு பேர் மேல் கேஸ். முதல் பெயர் மோகன், மீன் விற்கும் சின்னப்பொண்ணுவின் மகன். மாசா மாசம் செங்கல்பட்டு கோர்ட்டில் வாய்தா. மோகனுக்குக் கப்பலில் வேலை வந்தது. கேஸ் இருப்பதால் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. கப்பல் போய்விட்டது.

விளக்கை உடைத்தது அவர்கள் இல்லை. டிராக்டரின் பின்பக்கத்திலிருந்து ஒரு தேங்காய் பறந்ததை அம்சா பார்த்தாள். எறிந்த கையையும் பார்த்தாள். இடது கை. ஊர் கிரிக்கெட்டில் எல்லோரும் பயப்படுகிற கை. பெற்றவளுக்கு அந்தக் கையை இருட்டிலும் தெரியும்.

யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு ஊர் வாசலிலும் ஏறி இறங்கி, மூணும் மூணும் ஆறு பேரைச் சேர்த்து ஒரு அமைதிக் குழு அமைத்தாள். முதல் நாள் குப்பத்தில் அவள்மேல் மீன் கழுவின தண்ணீரை ஊற்றினார்கள். இரண்டாம் நாளும் போனாள். பத்து மாசம் போனாள். ஊர் அவளை 'சமாதான அம்சா' என்று கேலியாகக் கூப்பிட ஆரம்பித்து, அதுவே பெயராகிவிட்டது.

அப்படியும் நெஞ்சில் கிடந்தது ஆறவில்லை. விடிகாலை ஐந்து மணி கேன்டீன் வேனில், பழைய மெனு தாள்களின் பின்பக்கத்தில், அதை ஒரு கதையாக எழுதினாள். கடலை ஏரி ஆக்கினாள். பெருமாளை அம்மன் ஆக்கினாள். டியூப்லைட்டை அரிக்கேன் விளக்கு ஆக்கினாள். செங்கல்பட்டு வாசகர் வட்டத்தின் மாத இதழுக்குக் கொடுத்தாள். அடுத்து வரும் சித்திரை இதழில் போடுவதாகச் சொன்னார்கள். அதற்குள் மகம் முடிந்து, ஊர் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

இன்னும் ஒன்பது நாளில் மகம்.

*

குப்பத்தில் மீன் ஏலம் முடிந்து, ஏலக் கூடத்துச் சிமென்ட் தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரம் காயவில்லை. கண்ணாயிரத்தின் குட்டியானை வண்டியிலிருந்து எலந்தப்பேட்டுக்காரர்கள் எட்டுப் பேர் இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரத்துக்கும் செதிலுக்கும் பயந்து பயந்து கால் வைத்தார்கள்.

"பாத்து வாங்க அண்ணாத்த, வழுக்கும்," என்றது ஒரு குரல். "போன தபா மாதிரி தலைல தையல் போட்டுகினா அதுக்கும் எங்க மேலதான் எழுதுவீங்க."

"இந்த வருசம் பெருமாளுக்கு கேப் புக் பண்ணிடுங்கப்பா. டயத்துக்கு வந்துருவாரு," என்றது இன்னொன்று. தர்மகர்த்தாவே சிரித்துவிட்டார். பத்து மாசத்தில் இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று அம்சாவுக்குத் தோன்றியது.

சின்னப்பொண்ணு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அம்சாவின் கையைப் பார்த்ததும் எழுந்தாள்.

"இன்னாமே, இப்டி வீங்கிகீது?"

"ஒண்ணுமில்ல. பிரியாணி."

"துன்றவனுக்கு பிரியாணி, உனக்கு வீக்கமா? இங்க வா." மீன் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளி, தன் தோளில் கிடந்த துணியில் முடிந்து, அம்சாவின் மணிக்கட்டில் சுற்றிக் கட்டினாள். கட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "மோகன் ஒத்துக்கவே இல்லமே. நாலு நாளா சரியா சோறு துன்ல. 'பண்ணாத தப்புக்கு நான் ஏன் வுழணும்'னு ஒரே பேஜாரு. நான்தான் சொன்னேன், அம்சா எழுதுனா அதுல ஒரு ஞாயம் இருக்கும்டா, கண்ண மூடிகினு போடுன்னு. உன்ன நம்பித்தான் வரான்."

அம்சா தலையாட்டினாள். ஐஸ் தண்ணீர் முழங்கைவரை ஓடியது.

அவன் வேண்டாமென்றது போன வாரமே பேசி வைத்த நாலாவது ஷரத்தை. 'ஆர்ச் விளக்கை உடைத்ததற்காக மேற்படி நால்வரும் மகத்தன்று சாமி வண்டியின் முன் விழுந்து மன்னிப்புக் கேட்பது. கேட்ட பின் எலந்தப்பேட்டார் கேஸை ராஜி செய்துகொள்ளச் சம்மதிப்பது.' தர்மகர்த்தா இதில் ஒரு எழுத்துகூட விட்டுத்தரவில்லை. கேஸ் போனால் போதும், விழுந்து எழுந்திருக்க ஒரு நிமிஷம்தானே என்று அம்சாவும் தன்னைச் சமாதானம் செய்துகொண்டு எழுதிவிட்டாள்.

படித்துக் காட்டினாள். முதல் ஷரத்து, ஆர்ச்சில் இன்ஜினை நிறுத்துவது. சரி. இரண்டு, புது வடம். சரி. மூன்று, கிழிந்த வலைக்கு எலந்தப்பேடு புது வலை வாங்கித் தருவது. சரி, சரி. நாலைப் படிக்கும்போது யாரும் சத்தம் போடவில்லை. தூணில் சாய்ந்து நின்ற மோகன் தரையைப் பார்த்தான். ஐந்து, அடுத்த வருஷமும் குழு தொடர்வது.

"அப்ப போட்டுடலாமா?" என்றார் தர்மகர்த்தா, பேனாவைத் திறந்து.

"ஒரு நிமிஷம்! ஒரே நிமிஷம்!"

கூடத்து வாசலில் வியர்த்து விறுவிறுத்து ஒரு மனிதர் நின்றார். தோளில் துணிப்பை. கையில் மடிப்புக் கலையாத ஒரு கதர்த் துண்டு. அம்சாவுக்கு அவரைத் தெரியும்.

தீனதயாளன். வாசகர் வட்டத்துச் செயலாளர். ஓய்வு பெற்ற நூலகர். இதழுக்கு ஆசிரியரும் அவர்தான், தபால் ஒட்டுபவரும் அவர்தான்.

"மன்னிக்கணும், ரெண்டு பஸ் மாறி வரேன். இந்த நல்ல நாள்ல, ரெண்டு ஊரும் கூடியிருக்கிற இடத்துல, நம்ம எழுத்தாளருக்கு ஒரு மரியாதை செய்யணும்னு எங்க வட்டத்துல முடிவு பண்ணோம்."

"சார்," என்று அம்சா எழுந்தாள். "சார், சித்திரைக்குன்னுதானே..."

"காத்திருக்க முடியலம்மா. படிச்சுட்டு ரெண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்ல. மாசி இதழ்லயே முதல் கதையாப் போட்டுட்டேன்." பையிலிருந்து இதழ்களை எடுத்து ஆளுக்கொன்றாக நீட்டினார். "இது சமாதானத்துக்காகவே எழுதின கதை, ஐயா. ஏரிக்கரை ஊர்க் கதைதான். ஆனா எல்லா ஊருக்கும் பொருந்தும். ஒரே ஒரு பத்தி வாசிக்கிறேன்."

"சார், அப்பறம் வாசிக்கலாம். மொதல்ல கையெழுத்து..."

"அடக்கம்! பாத்தீங்களா, எழுத்தாளரோட அடக்கம்!" என்று அவள் தோளில் துண்டைப் போர்த்தினார். இரண்டு ஊரும் கை தட்டியது. கண்ணாயிரம் பெருமையோடு சுற்றிலும் பார்த்தான். அவன் அந்தக் கதையைப் படித்ததில்லை. அவள் எழுதும் எதையும் படித்ததில்லை.

தீனதயாளன் கண்ணாடியைச் சரிசெய்து, மேடையில் நிற்பதுபோல் நின்று வாசித்தார்.

"'விளக்கு உடைந்ததும் எல்லோரும் கல்லைத் தேடினார்கள். கல் இருந்தால்தானே கிடைக்கும்? எறிந்தது தேங்காய். அம்மனுக்கு உடைக்க வாங்கிய தேங்காய். எறிந்தவன் இடது கைக்காரன். ஊருக்காகப் பந்து போட்டு ஊரை ஜெயிக்க வைத்த கை. அன்றைக்கும் அது குறி தப்பவில்லை என்றுதான் ஊர் சொல்லியிருக்கும், ஊருக்குத் தெரிந்திருந்தால். தெரிந்தவள் ஒருத்திதான். அவள் வாயைத் திறக்கவில்லை.'"

எல்லாவற்றையும் மாற்றியவள் அந்தக் கையை மட்டும் மாற்றவில்லை. வலது என்று போட்டுப் பார்த்தாள். வாக்கியம் செத்துப்போனது. திரும்ப இடது என்று போட்டாள். வாக்கியம் எழுந்து நின்றது. வேனில் உட்கார்ந்துகொண்டு அதை நாலு தடவை படித்து ரசித்தது இப்போது ஞாபகம் வந்தது.

"சூப்பர் சார்," என்று ஒருத்தன் கை தட்டினான். கூட இரண்டு பேர் தட்டினார்கள்.

சின்னப்பொண்ணு தட்டவில்லை. "சார், இன்னொரு தபா படி. அந்தக் கை வர எடம்."

தீனதயாளனுக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். "பாருங்க, இதுதான் வாசகர்!" என்று சொல்லி, இன்னும் நிறுத்தி நிதானமாக, மறுபடி வாசித்தார்.

இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. மோகன் தூணிலிருந்து முதுகை எடுத்தான்.

"எங்க ஆர்ச்சடில மறுநாள் காலைல நான்தான் பெருக்குனேன்," என்றாள் சின்னப்பொண்ணு. யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கண்ணாடியோட தேங்கா ஓடும் கெடந்துது. கால்ல குத்திச்சி. அப்ப தோணல."

"சாமி வண்டி வர எடத்துல தேங்கா ஓடு கெடக்காதா?" என்றார் தர்மகர்த்தா.

"ஒடச்சாத்தான கெடக்கும்? வண்டி எங்க நின்னுது? வண்டி நிக்காதனாலதான இவ்ளோ சண்டையும்? நிக்காத வண்டிக்கு எவன் தேங்கா ஒடச்சான்?"

தர்மகர்த்தா தலையில் தையல் போட்ட இடத்தைத் தடவிக்கொண்டார்.

"எலந்தப்பேட்டு டீம்ல எடது கைல போடறது யாருடா?" என்று பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டான். பதிலும் அவனே சொல்லப்போனான். அதற்குள் கண்ணாயிரம் எழுந்துவிட்டான்.

"இன்னாடா, கதப்பொஸ்தகத்த வெச்சிகினு கேசு நடத்துறீங்களா? எழுதனவ எதனா எழுதுவா. பேய்க்கத எழுதுனா பேய் வந்துருமா?"

"நீ உக்காருண்ணா," என்றாள் சின்னப்பொண்ணு. சத்தம் போடவில்லை. "உன்ன கேக்கல." அம்சாவின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுமே. கதையா, நெசமா?"

அம்சா கண்ணாயிரத்தைப் பார்த்தாள். அவன் முகத்தில் கோபம்தான் இருந்தது. பயம் இன்னும் வரவில்லை. அவனுக்கு இன்னும் தெரியாது. வியாழக்கிழமை வீட்டு வாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து நிற்பார். பையன் எப்படி என்று தெருவில் நாலு பேரைக் கேட்பார்.

"கதைதான்," என்றாள்.

"கதைன்னா?"

"மனசுலேர்ந்து எழுதனது."

"கற்பனைதானம்மா! எழுத்தாளருக்குக் கற்பனை இல்லாமலா?" என்றார் தீனதயாளன். பாவம், அவருக்கு எதுவும் விளங்கவில்லை.

சின்னப்பொண்ணு கூடையின் மேல் போய் உட்கார்ந்தாள். "சரி. அம்சா சொன்னா சரிதான். டேய் மோகன், போட்றா."

"எம்மா!"

"போட்றான்னேன்ல."

மோகன் வந்தான். பத்திரத்தைப் பார்க்கவே இல்லை. அம்சாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பெயரை எழுதினான். பேனா தாளைக் கிழித்துவிடும்போல் இருந்தது. அவனுக்குப் பின்னால் மற்ற மூன்று பேரும் போட்டார்கள். தர்மகர்த்தா போட்டார். குழுக்காரர்கள் போட்டார்கள்.

"எழுதனவ போடு," என்று தர்மகர்த்தா தாளை அம்சாவிடம் தள்ளினார்.

பேனாவை எடுத்தாள். விரல்கள் அதைப் பிடித்தன. மணிக்கட்டு நகரவில்லை.

"கை மரத்துப்போச்சி," என்றாள். "ஐஸ் வெச்சது."

"அதுக்கின்னா, நாளைக்குப் போடு. ஆனா பத்து மணிக்கு தாசில்தார் ஆபீஸ்ல குடுக்கணும். எழுதனவ கையெழுத்து இல்லாத பேப்பர அவரு தொட மாட்டாரு. மறந்துடாத."

எல்லோரும் எழுந்தார்கள். தீனதயாளன் மீதி இதழ்களை விநியோகித்துக்கொண்டிருந்தார். சின்னப்பொண்ணு அம்சாவின் கையைப் பிடித்து, ஐஸ் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். கட்டும்போது இருந்த அதே நிதானம்.

"நான் எவனாண்டயும் போயி சொல்ல மாட்டேன்," என்றாள். "என் பையனாண்டகூட பேச மாட்டேன். பயப்படாத."

"சின்னப்பொண்ணு..."

"உன் வாய நம்பித்தான் அவன் குனிஞ்சான். நீ கதைன்னதும் நான்தான் அவன போட்றான்னு அழுத்துனேன், பாத்தல்ல? எதுக்கு அழுத்துனேன்னு நீயே யோசி. யோசிச்சிட்டு நீயா வா." துணியைப் பிழிந்தாள். "எழுத வந்துதில்ல உனக்கு? சொல்லவும் வரும்."

*

ஆட்கள் பின்னால் ஏறிக்கொண்டார்கள். முன்பக்கம் இரண்டு பேர் மட்டும். மாமல்லபுரம் பைபாஸைத் தாண்டியதும் அணுபுரத்துக்குப் போகும் ஊழியர் பஸ் ஒன்று முந்திக்கொண்டு போனது. அதற்கு வழிவிட்டு ஓரங்கட்டிய கண்ணாயிரம், வண்டியைத் திரும்ப ரோட்டில் ஏற்றவில்லை.

"கார்த்தியா?"

அம்சா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"கேக்கறேன்ல."

"ஆமா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் யாரோ பலகையைத் தட்டி, "இன்னா அண்ணாத்த, டீசல் காலியா?" என்று கத்தினான்.

"நான் ஆர்ச்சாண்ட இன்ஜின நிறுத்தி இருந்தா ஒண்ணும் ஆயிருக்காது," என்றான் கண்ணாயிரம். கியரைப் போட்டான். கொஞ்ச தூரம் போனதும் குரல் மாறியது. "நாளைக்கு காலைல கையெழுத்து போட்டுடு. அவனுங்க ஒரு நிமிசம் வுழுந்து எழுந்தா கேசு முடிஞ்சிது. நீதான எழுதுன அப்டின்னு? இப்ப இன்னா புதுசா?"

"இப்ப அவளுக்குத் தெரியும்."

"தெரிஞ்சிட்டுப் போவட்டும். சொல்ல மாட்டேன்னாளே."

"அதான்."

அவனுக்கு அது புரியவில்லை. அல்லது புரிந்ததால்தான் ஹாரனை அவ்வளவு நேரம் அழுத்தினானோ என்னவோ.

*

வீட்டில் கார்த்தி தலை துவட்டாமல் நின்றுகொண்டிருந்தான். இருபத்து நாலு வயது. தோளில் ஈரத் துண்டு. வலது கையில் போன். இடது உள்ளங்கையில் பேண்டேஜ். யாரோ இதழின் பக்கத்தைப் படமெடுத்து குரூப்பில் போட்டுவிட்டிருந்தார்கள். மகன் பார்ப்பதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடலாம் என்று அம்சா நினைத்தது தப்பு. இந்தக் காலத்தில் எந்த வண்டி அதை முந்தும்?

"உலகத்துல வேற கையே கெடைக்கலியா உனக்கு?" என்றான்.

அவள் கதர்த் துண்டை மடித்துக் கொடியில் போட்டாள்.

"சொல்லும்மா. வெரிபிகேஷன் வியாழக்கெழம. ரெண்டு வருசம் நாய் மாதிரி ஓடிகீறேன். நாலு லைன் நல்லா வரணும்னு பெத்த புள்ளைய எழுதிட்டியா?"

"ஆமா," என்றாள் அம்சா.

சண்டைக்கு வந்தவன் அந்த ஒரு சொல்லில் நின்றுவிட்டான். அவள் மறுப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்திருக்கலாம். கட்டிலில் உட்கார்ந்தான். கண்ணாயிரம் வாசல்படியிலேயே நின்றான், உள்ளே வரவில்லை.

"நீ பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"ஒரு வருசமா ஏன் கேக்கல?"

"கேட்டா இல்லன்னு சொல்லுவ. உன் வாயிலேர்ந்து அந்தப் பொய் வந்துட்டா, அப்பறம் உனக்கு நான் எப்டி சோறு போடறது?"

கார்த்தி பேண்டேஜின் ஓரத்தைப் பிய்த்தான். "லைட்ட பாத்து எறியலம்மா. எவனோ வண்டில ஏறி நைனா சட்டைய புடிச்சான். அவன் தலைய பாத்துதான் எறிஞ்சேன். அவன் குனிஞ்சிட்டான்."

வாசல்படியில் கண்ணாயிரம் மெதுவாக உட்கார்ந்தான். அந்தத் தலை குனியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் யோசித்தார்கள்.

"சொல்றேம்மா," என்றான் கார்த்தி. "சத்தியமா சொல்றேன். ஆர்டர் கைக்கு வரட்டும். நானே மோகன் வூட்டுக்குப் போயி சொல்றேன். ஸ்டேஷன்ல வேணா எழுதி குடுக்கறேன்."

"ஆர்டர் எப்ப வரும்?"

"ரெண்டு மாசம் ஆவும்."

"மகம் ஒம்போது நாள்ல."

"அப்ப நீயே சொல்லிட்டுப் போ! என் சட்டைய நீயே கழட்டிட்டுப் போ!" போனைக் கட்டிலில் எறிந்தான். இடது கையால். எறிந்த பிறகு அந்தக் கையைப் பார்த்துவிட்டு, வெளியே போய்விட்டான். கண்ணாயிரம் அவன் பின்னாலேயே, "டேய், டேய் கார்த்தி, சாப்ட்டுட்டுப் போடா," என்று செருப்புப் போடாமல் ஓடினான்.

சமாதானப் பத்திரத்தை அம்சா பையிலிருந்து எடுத்து, சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வெளிச்சம் விழும் இடத்தில் விரித்தாள். ஐஸ் தண்ணீர் சொட்டி மூன்றாவது ஷரத்தில் இரண்டு சொல் கலைந்திருந்தது. நாலாவது அழியாமல் இருந்தது. அதன்கீழ் மோகனின் பெயர், அழுத்தி எழுதியதில் தாளின் மறுபக்கம் வரை புடைத்திருந்தது. விரலால் தடவினால் தெரிந்தது.

'எழுதியவர்' என்ற சொல்லுக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. பேனாவைப் பிடித்துப் பார்த்தாள். மணிக்கட்டு வலித்தது. ஆனால் நகர்ந்தது. இனி ஐஸின் மேல் பழி போட முடியாது.

மோகனுக்கும் அவனோடு கையெழுத்துப் போட்ட மூன்று பேருக்கும் அம்சா ஒரு வரி தர வேண்டியிருக்கிறது: விளக்கை உடைத்தது என் மகன் கார்த்தி. ஒரு வருஷமாகத் தரவில்லை. இன்றைக்குக் கேட்டபோதும் தரவில்லை.